வேகத்தை இப்போது யார் பிடித்திருக்கிறார்கள்? தரையிறங்கும்போது தானியங்கியை எந்த அளவுக்கு வைத்துக்கொள்வது

பயிற்சி முடித்து முதன்முறையாக ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 விமானத்தில் துணை விமானிக்குரிய வலது இருக்கையில் உட்காரும் இளைஞர்கள், சில மாதங்களுக்குள் ஒரே குழப்பத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு கேப்டன், "வானம் தெளிவாகத்தானே இருக்கிறது, ஐயாயிரம் அடியிலேயே ஆட்டோபைலட்டை எடுத்துவிடு" என்கிறார். மறுநாள் வேறொரு கேப்டன், "இருநூறு அடி வரை அதைத் தொடாதே" என்கிறார். இருவரும் பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்கள். யார் பேச்சைக் கேட்பது?

நிறுவனத்தின் கையேடு சொல்வதே இறுதி. அதில் விவாதம் இல்லை. ஆனால் கையேடு பல இடங்களில் "சூழ்நிலைக்கு ஏற்ற அளவு தானியங்கியைப் பயன்படுத்துக" என்று மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை விமானியிடம் விட்டுவிடுகிறது. அந்த மிச்சத்தைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பெங்களூரு, 1990 பிப்ரவரி 14. ஆம்ஸ்டர்டாம், 2009 பிப்ரவரி 25. சான் பிரான்சிஸ்கோ, 2013 ஜூலை 6. மூன்று ஊர்களிலும் அன்று புயல் இல்லை, எஞ்சின் பழுதும் இல்லை. மூன்று விமானங்களிலும் எஞ்சின்கள் ஐடிலில், அதாவது மிகக் குறைந்த விசையில், கிடந்தன, வேகம் கரைந்துகொண்டே இருந்தது. அதை இயந்திரம் கவனித்துக்கொள்கிறது என்ற நம்பிக்கையிலேயே ஓடுபாதைக்கு முன்னால் தரை வந்துவிட்டது. மூன்றிலும் சேர்த்து 104 பேர் இறந்தார்கள். ஆகவே "எவ்வளவு தானியங்கி" என்று கேட்பதற்கு முன், "வேகத்தை இந்த நொடியில் யார் பிடித்திருக்கிறார்கள்" என்று கேளுங்கள் என்பதுதான் என் கட்சி. கீழே வரும் ஒவ்வொரு வழியையும் அந்தக் கேள்வியால்தான் உரசிப் பார்க்கப்போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

மூன்று டிகிரி சரிவில், 140 நாட் (மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் விமானம் நிமிடத்துக்குச் சுமார் 700 அடி இறங்குகிறது. ஆயிரம் அடியிலிருந்து தரைக்கு ஒன்றரை நிமிடம்கூட இல்லை. ஐந்நூறு அடியிலிருந்து முக்கால் நிமிடம்தான். ஐடிலில் கிடக்கும் ஜெட் எஞ்சினோ, விசை லீவரைத் தள்ளிய பிறகு முழு விசைக்கு வரவே ஐந்து முதல் எட்டு வினாடி கேட்கும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் அளவுகோல்கள் தாமாகவே கிடைத்துவிடும்.

முதலாவது, வேகம் யார் பொறுப்பில் இருக்கிறது, அதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறீர்கள். இரண்டாவது, சரிவுப் பாதை எங்கிருந்து வருகிறது: ஓடுபாதையருகிலிருந்து வரும் ஐஎல்எஸ் என்னும் வானொலிக் கற்றையா, காற்றழுத்த உயரமானியா, உங்கள் கண்ணா. மூன்றாவது, இரு விமானிகளின் கண்களிலும் மனத்திலும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது. நான்காவது, பிடி நழுவினால் மீள்வதற்கு எவ்வளவு உயரம் வேண்டும். ஐந்தாவதாகக் கைப்பழக்கம், இதன் விலை அன்றைக்குத் தெரியாது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்துதான் தெரியும்.

முதல் அளவுகோலுக்கு ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. முதன்மைத் திரையின் மேல் விளிம்பில் எஃப்எம்ஏ என்னும் சிறிய எழுத்து வரி ஓடுகிறதே, அதுதான். எந்தப் பொத்தானை அழுத்தினோம் என்பது நம் நினைவு. எந்த முறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அந்த வரியில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைத்து வேகத்தைப் பிடிக்கும் தானியங்கியை ஏர்பஸ்காரர்கள் ஆட்டோத்ரஸ்ட் என்பார்கள், போயிங்காரர்கள் ஆட்டோத்ராட்டில் என்பார்கள். இங்கே இரண்டையும் ஆட்டோத்ராட்டில் என்றே எழுதுகிறேன்.

| வழி | பாதையைப் பிடிப்பது | வேகத்தைப் பிடிப்பது | தரையில் வைப்பது |
|---|---|---|---|
| முழுத் தானியங்கி | ஆட்டோபைலட் | ஆட்டோத்ராட்டில் | ஆட்டோபைலட் |
| தானியங்கியில் வந்து கையில் எடுப்பது | கடைசிக் கட்டம் வரை ஆட்டோபைலட் | கடைசிக் கட்டம் வரை ஆட்டோத்ராட்டில் | விமானி |
| பாதை கையில், வேகம் இயந்திரத்தில் | விமானி | ஆட்டோத்ராட்டில் | விமானி |
| இரண்டும் கையில் | விமானி | விமானி | விமானி |

## முழுத் தானியங்கித் தரையிறக்கம்

லண்டன் பனிமூட்டம் பெற்றெடுத்த பிள்ளை இது. 1965 ஜூன் 10 அன்று ஹீத்ரோவில் பயணிகளோடு வந்த ஒரு ட்ரைடென்ட் விமானம் தானாகவே மூக்கை உயர்த்தித் தரையைத் தொட்டது. இன்று டெல்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இது அன்றாட வேலை. சாதாரண முதல் வகை ஐஎல்எஸ் அணுகலில் 200 அடி உயரத்துக்குள் ஓடுபாதை கண்ணில் பட வேண்டும். ஓடுபாதையில் பார்வைத் தூரம் 550 மீட்டராவது வேண்டும். மூன்றாம் வகையில் அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும் இறங்கலாம். நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாத காலையில் மனிதக் கண்ணால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அங்கே இந்த வழி, இல்லையென்றால் வேறு ஊர்.

வேகக் கேள்விக்கு இது தெளிவாகவே பதில் சொல்கிறது: இயந்திரம் பிடித்திருக்கிறது, அது ஆரோக்கியமாக இருக்கிறதா என்பதை ஏர்பஸ்ஸில் "கேட் 3 டூயல்" என்றும் போயிங்கில் "லேண்ட் 3" என்றும் திரை சொல்லிவிடும்.

மறைவான விலை தரையில் இருக்கிறது. ஐஎல்எஸ் கற்றை வானொலி அலைதான். அதன் குறுக்கே ஒரு விமானம் போனால் அது வளையும். பனிமூட்ட நாட்களில் கட்டுப்பாட்டுக் கோபுரம் அந்தப் பகுதியைக் காலியாக வைத்திருக்கும். வானம் நன்றாக இருக்கும் நாளில் அப்படி வைத்திருக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. 2011 நவம்பர் 3 அன்று மியூனிக்கில் ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 777, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத நிலையில் தானியங்கித் தரையிறக்கத்தில் வந்தது. அதே ஓடுபாதையில் முன்னால் கிளம்பிக்கொண்டிருந்த விமானம் கற்றையைக் கலைத்தது. தரைக்கு மிக அருகில் 777 இடப்பக்கம் சாய்ந்து, ஓடுபாதையை விட்டு விலகி, மறுபடி அதைக் குறுக்கே கடந்து வலப்பக்கப் புல்வெளியில் போய் நின்றது. யாருக்கும் காயமில்லை என்பது பெரும் பேறு.

எனவே தெளிந்த நாளில் பழக்கத்துக்காகச் செய்வதென்றால், கோபுரத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதுகாப்பு உண்டா இல்லையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கையைக் கட்டுப்பாட்டிலிருந்து எடுக்காமல், எந்த நொடியிலும் பிடுங்கிக்கொள்ளத் தயாராக இருங்கள். இரவு முழுக்கப் பறந்த களைப்பைக் காரணம் காட்டி இதைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பாதுகாக்கப்படாத கற்றையில் வரும்போது வேண்டியதே கண நேரத்தில் பிடுங்கும் விழிப்பு; களைத்தவரிடம் இல்லாத பொருள் அதுதான். பலமான குறுக்குக் காற்றிலும் இது உதவாது. தானியங்கித் தரையிறக்கத்துக்கான காற்று வரம்புகள் ரகத்துக்கு ரகம் மாறும். பொதுவாகக் கையால் இறக்குவதற்கான வரம்பைவிடக் குறைவு.

## தானியங்கியில் வந்து, ஓடுபாதை தெரிந்ததும் கையில் எடுப்பது

பெரும்பாலான நாட்களில் பெரும்பாலானோர் செய்வது இதுதான், நானும் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். தெரியாத விமான நிலையம், இரவு, மழை, நெரிசலான வான்வெளி ஆகியவற்றில் இரண்டு விமானிகளின் கண்களும் மிச்சப்படுவது பெரிய லாபம். ஆனால் இதிலும் விலைகள் உண்டு.

ஆம்ஸ்டர்டாமில் நடந்தது இந்த வழியில்தான். துருக்கி ஏர்லைன்ஸின் 737-800 ஆட்டோபைலட், ஆட்டோத்ராட்டில் இரண்டும் வேலை செய்ய இறங்கிக்கொண்டிருந்தது. தரை எவ்வளவு கீழே என்று ரேடியோ அலையால் அளக்கும் இடப்பக்க ரேடியோ உயரமானி பழுதாகி, சுமார் 1,950 அடியில் பறக்கும்போதே மைனஸ் 8 அடி என்று காட்டியது. ஆட்டோத்ராட்டில் இடப்பக்கக் கருவியை நம்பியது; தரை வந்துவிட்டது என்று முடிவு செய்து லீவர்களை ஐடிலுக்கு இழுத்தது. ஆட்டோபைலட் வலப்பக்கக் கருவியை நம்பியது. இன்னும் வானில்தான் இருக்கிறோம் என்று கற்றையைப் பிடித்துக்கொண்டு வந்தது. வேகம் குறையக் குறைய மூக்கை உயர்த்தியது. எஃப்எம்ஏவில் "ரிடார்ட்" (விசையைக் குறைக்கும் முறை) என்ற சொல் ஒன்றரை நிமிடத்துக்கும் மேல் நின்றது. அறையில் மூன்று விமானிகள் இருந்தார்கள். 144 நாட்டாக இருக்க வேண்டிய வேகம் 83 வரை சரிந்தது. துணை விமானி லீவரைத் தள்ளினார். கட்டுப்பாடு கைமாறிய சமயத்தில் ஆட்டோத்ராட்டில் அதை மறுபடி ஐடிலுக்கு இழுத்துவிட்டது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள்.

மூன்று பேர் இருந்தும் ஏன் கவனிக்கவில்லை? கற்றையை மேலிருந்து பிடிக்க வேண்டிவந்த அணுகல் அது. உயரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் குறைக்க எப்படியும் ஐடில்தான் தேவைப்பட்டது. பிழையும் இயல்பும் ஒரே முகத்தோடு இருந்தன. அதனால்தான் கற்றையை மேலிருந்து பிடிக்கும் ஒவ்வொரு முறையும், "எந்த உயரத்தில் விசை திரும்ப ஏற வேண்டும்" என்பதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். அந்த உயரத்தில் ஏறவில்லையென்றால் ஏதோ தப்பு.

இரண்டாவது விலை, பாதையின் மூலம். ஐஎல்எஸ் இல்லாத ஓடுபாதையில் செயற்கைக்கோள் அணுகலை ஆட்டோபைலட் அழகாகப் பறக்கும். பல விமானங்களில் அதன் உயரக் கணக்கு காற்றழுத்தத்திலிருந்து வருவது. 2022 மே 23 அன்று பாரிஸ் சார்ல் த கோல் விமான நிலையத்தில் ஒரு ஏ320-க்கு 1001 ஹெக்டோபாஸ்கலுக்குப் பதில் 1011 என்று அழுத்தம் சொல்லப்பட்டது. பத்து ஹெக்டோபாஸ்கல் என்றால் சுமார் 280 அடி. திரையில் எல்லாம் நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. விமானமோ ஓடுபாதைக்கு முன்னதாகவே தரையிலிருந்து வெறும் 6 அடி வரை இறங்கிவிட்டு மேலே ஏறியது. இப்படிப்பட்ட அணுகலில் அழுத்த எண்ணை இரண்டாவது மூலத்தோடு ஒப்பிடாமல் இறங்கக் கூடாது.

மூன்றாவது, கடைசி நேரத்தில் ஓடுபாதையை மாற்றும்போது இரண்டு தலைகளும் கணினிக்குள் குனிந்துவிடுவது. 1995 டிசம்பர் 20 அன்று கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய ஒரு 757, ஓடுபாதை மாற்றத்தின் அவசரத்தில் கணினியில் இட்ட ஓர் எழுத்தால் வேறு திசைக்குத் திரும்பி மலையில் மோதியது. இருந்த 163 பேரில் 159 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் தட்டச்சு வேண்டாம். தானியங்கியில் ஒரு படி கீழே இறங்கி, திசையையும் இறக்க வீதத்தையும் குமிழில் திருகுங்கள்; அதற்கும் நேரமில்லையென்றால் வேறு அனுமதி கேளுங்கள்.

எந்த உயரத்தில் கையில் எடுப்பது? ஓடுபாதை தெரிந்துவிட்டதென்றால் ஆயிரம் அடியை ஒட்டி எடுப்பது எனக்குப் பிடிக்கும். இருநூறு அடியில் எடுத்தால், விமானத்தின் கனமும் காற்றின் போக்கும் கைக்குப் பழகுவதற்குள் மூக்கை உயர்த்தும் நேரம் வந்துவிடும். தாழ்வான மேகம் இருந்தால் வேறு வழியில்லை. இல்லாதபோது அந்த ஒரு நிமிடத்தைக் கைக்குக் கொடுங்கள்.

## பாதை கையில், வேகம் இயந்திரத்தில்

நான்கு வழிகளிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது இது. பார்ப்பதற்கு நடுநிலையான, சௌகரியமான வழி: சிரமமான பாதியை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, சுவையான பாதி நமக்கு. ஆனால் பெங்களூரும் சான் பிரான்சிஸ்கோவும் இந்த வழியில்தான் நடந்தன.

சான் பிரான்சிஸ்கோவில் அன்று வானம் தெளிவு. கட்டுமானப் பணிக்காக ஐஎல்எஸ்ஸின் சரிவுக் கற்றை நிறுத்தப்பட்டிருந்தது. ஆசியானா 777 உயரமாக வந்துகொண்டிருந்தது. சீக்கிரம் இறங்க வேண்டி, ஓட்டிய விமானி ஓர் இறக்க முறையைத் தேர்ந்தெடுத்தார். மேலே குறித்துவைத்திருந்த உயரமோ 3,000 அடி. ஆகவே இயந்திரம் ஏறப் பார்த்தது. அவர் ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு லீவர்களை ஐடிலுக்கு இழுத்தார். அந்தச் செயலோடு ஆட்டோத்ராட்டில் "ஹோல்ட்" என்ற நிலைக்குப் போனது. அது இயக்கத்தில் இருக்கிறது, ஆனால் வேகத்தைப் பார்க்காது. லீவர் வைத்த இடத்தில் கிடக்கும். 777 வேகம் குறைந்தால் தானே விசை கூட்டும் விமானம் என்ற நம்பிக்கை இருந்தது. ஹோல்டில் அந்தப் பாதுகாப்பு எழுந்து வராது. 137 நாட்டாக இருக்க வேண்டியது 103 வரை போய், வால் கடற்சுவரில் இடித்தது. 307 பேரில் மூவர் இறந்தார்கள்.

பெங்களூரில் இன்னும் நுணுக்கம். பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320. நம் நாட்டில் அந்த ரகம் பறக்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகாத காலம். நிமிடத்துக்கு 700 அடி இறக்கம் வைக்க நினைத்து, உயரக் குமிழில் 700 அடி வைத்திருக்கலாம் என்பது விசாரணையில் எழுந்த விளக்கம். ஊரின் உயரமே சுமார் 2,900 அடி. இயந்திரம் "ஐடில் ஓப்பன் டிசென்ட்" முறைக்குப் போனது. அதில் எஞ்சின் ஐடிலிலேயே கிடக்கும், மூக்கின் சாய்வால்தான் வேகம் நிற்கும். அந்த நிலையில் விமானி சரிவைக் கையால் பிடித்தால் வேகத்துக்கு ஆளே இல்லை. ஆட்டோத்ராட்டில் வேகப் பொறுப்புக்குத் திரும்ப வேண்டுமானால் மூக்கை எங்கே வைப்பது என்று திரையில் வழிகாட்டும் இரு பக்க ஃப்ளைட் டைரக்டர்களையும் அணைத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் அணைக்கப்பட்டது, மறுபக்கம் அணைக்கப்படவில்லை. 146 பேரில் 92 பேர் போய்விட்டார்கள்.

ஒரு பொத்தானின் ஒரு பக்கம். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தயாரிப்பாளர்களே இந்த வழியில் ஒருமனதாக இல்லை. 737-இல் ஆட்டோபைலட்டை எடுத்தால் ஆட்டோத்ராட்டிலையும் எடுத்துவிடு என்பது போயிங்கின் பரிந்துரை. 777-இல் எல்லாக் கட்டத்திலும் ஆட்டோத்ராட்டில் இருக்கட்டும் என்பதும் அதே போயிங்கின் பரிந்துரைதான். ஏர்பஸ்ஸும் ஆட்டோத்ராட்டிலை வைத்துக்கொள்ளவே ஊக்குவிக்கிறது. அதன் லீவர்கள் விசை மாறும்போது நகர்வதில்லை, எனவே கைக்கு எந்தச் செய்தியும் வராது, கண்தான் பார்க்க வேண்டும். வேகம் மிகத் தாழ்ந்தால் முழு விசை தரும் பாதுகாப்பு ஏ320-இல் உண்டு. ஆனால் ரேடியோ உயரம் 100 அடிக்குக் கீழே போனால் அது வேலை செய்யாது.

ஆக, ஒரு ரகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்கள் இங்கே இரட்டைக் கவனம் கொள்ள வேண்டும். 737 என்றால் இந்த வழி வேண்டாம். ஏர்பஸ் அல்லது 777 என்றால், குறிப்பாகக் காற்று குலுக்கும் நாளில், இது உதவும். ஆனால் ஃப்ளைட் டைரக்டரைப் பின்பற்றவில்லையென்றால் இரண்டையும் அணைத்துவிட்டு, எஃப்எம்ஏவில் "ஸ்பீட்" என்ற சொல்லை இருவரும் பார்த்து, இருவரும் சொல்லிய பிறகே அடுத்த வேலை. அந்தச் சொல் இல்லையென்றால் வேகம் உங்களுடையது.

## இரண்டும் கையில்

இங்கே முதல் கேள்விக்குப் பதில் தேட வேண்டியதே இல்லை. வேகம் என் கையில். கை தூங்கினால் உடனே தெரியும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2013 ஜனவரியில், விமானிகள் கையால் பறக்கும் வாய்ப்பை நிறுவனங்கள் கூட்ட வேண்டும் என்று அறிவுறுத்தியது. அதே ஆண்டு ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ நடந்தது. சரிவுக் கற்றை இல்லாமல் கண்ணால் பார்த்து இறங்குவது தனக்கு மிகுந்த மன அழுத்தமாக இருந்தது என்று அந்த விமானி பிறகு விசாரணையில் சொன்னார். தெளிந்த பகலில் கண்ணால் இறங்குவதே பாரமாகும் அளவுக்குக் கைப்பழக்கம் தேய்ந்துபோகக் கூடாது.

விலை பக்கத்து இருக்கைக்கு. ஓட்டுபவர் கை நிறைய வேலையோடு இருக்கும்போது, திசை, உயரம், ரேடியோ, ஃப்ளாப், சோதனைப் பட்டியல் அத்தனையும் மற்றவர் தலையில் விழும். கவனிக்க வேண்டியவர் வேலைக்காரராகிவிட்டால் கவனிப்பது யார்? நெரிசலான நகரத்தில் இரவு எட்டு மணிக்கு இதைச் செய்வது துணிச்சல் அல்ல, சுயநலம். தெரிந்த ஊர், நல்ல வானம், குறைந்த போக்குவரத்து, ஓய்வெடுத்த இருவர்: இந்த நான்கும் கூடிய நாளில், இறக்கம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்துகொண்டு செய்யுங்கள். அப்படிப்பட்ட நாள் வந்தால் விட்டுவிடாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## எந்த வழியில் வந்தாலும் திறந்திருக்கும் கதவு

கோ-அரவுண்ட்: தரையிறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறிப்போவது. மேகத்துக்குள் என்றால் 1,000 அடியில், கண்ணால் பார்த்து வந்தால் 500 அடியில், விமானம் நிலைப்பட்டிருக்க வேண்டும் என்பது பரவலான விதி. பலர் வேகத்தையும் பாதையையும் மட்டும் பார்த்துத் தலையாட்டிவிடுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ விமானம் 500 அடியில் வேகத்திலும் பாதையிலும் கிட்டத்தட்டச் சரியாகவே தெரிந்தது. எஞ்சின் ஐடிலில் இருந்தது, இறக்கம் அளவுக்கு மீறி இருந்தது. விசை மூன்றாவது தூண். அது இல்லாமல் நிலைப்பாடு இல்லை.

நிலைப்படாத அணுகல்களில் நூற்றுக்கு 97 கைவிடப்படாமல் தரையிறக்கத்தில் முடிகின்றன என்று ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் கண்டது. 2010 மே 22 அன்று மங்களூரில் துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் போகச் சொல்லியும் இறங்கிய விமானத்தில் 166 பேரில் 158 பேர் மடிந்தார்கள்.

ஆனால் இந்தக் கதவுக்கும் தானியங்கி விலை உண்டு. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து துபாய் வந்த எமிரேட்ஸ் 777, சக்கரம் தரையைத் தொட்ட பிறகு மறுபடி எழ முடிவு செய்தது. கோ-அரவுண்ட் பொத்தானை அழுத்தினார்கள். சக்கரம் தொட்ட பிறகு அந்தப் பொத்தான் வேலை செய்யாதபடி அமைக்கப்பட்டிருந்தது. லீவர்கள் ஐடிலிலேயே கிடந்தன. விமானம் மேலே எழும்பி, சக்கரம் மடங்கத் தொடங்கி, சில வினாடிகளில் மறுபடி ஓடுபாதையில் விழுந்தது. உள்ளே இருந்த 300 பேரும் தப்பினார்கள். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

இங்கேயும் அதே கேள்விதான். ஆகவே பொத்தானை அழுத்திய கை லீவரிலேயே இருக்கட்டும். ஏர்பஸ் என்றால் லீவரைத் தடை வரை தள்ளுங்கள். போயிங் என்றால் லீவர் முன்னே போவதைக் கை உணர வேண்டும், போகவில்லையென்றால் கையாலேயே தள்ள வேண்டும். மற்றவர் எஞ்சின் எண் ஏறுவதைப் பார்த்து "விசை வந்துவிட்டது" என்று சொல்லட்டும். விமானம் உண்மையாக ஏறுகிறது என்று உயரமானி காட்டட்டும். சக்கரத்தை மடக்குவது அதன் பிறகு.